கார்மிஷிலிருந்து ரிவா வரை மவுண்டன் பைக்கில்: லக்கேஜை வேனில் அனுப்பிவிட்டு ஆல்ப்ஸைக் கடப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ப்ஸை வடக்கிலிருந்து தெற்காகச் சைக்கிளில் கடக்கப் பல பாதைகள் இருக்கின்றன. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹனில் தொடங்கி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் உள்ள ரிவாவில் முடியும் ஏழு நாள் பாதை. பெரிய பை ஒவ்வொரு நாளும் ஓட்டலிலிருந்து ஓட்டலுக்கு வேனில் போகும். நீங்கள் சிறிய முதுகுப்பையோடு மலையில் போவீர்கள்.

ஏழு நாளும் எப்படிப் பிரிகின்றன?

முதல் நாள் கார்மிஷிலிருந்து ஐப்ஸே ஏரி, ஏர்வால்ட், ஃபெர்ன் கணவாய் (1,216 மீ.) வழியாக இம்ஸ்ட். இரண்டாம் நாள் இன் ஆற்றோரமாக லாண்டெக், ஃபுண்ட்ஸ் தாண்டி, மார்ட்டினாவிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நவுடர்ஸ். இந்த இரண்டு நாளும் கால்களைப் பழக்குவதற்குத்தான். மூன்றாம் நாள் ‘சுர் என்’ என்னும் சுவிஸ் கிராமத்துக்குப் போய், அங்கிருந்து உயினா பள்ளத்தாக்கில் ஏறி, 2,300 மீட்டரைத் தொட்டு, ஷ்லீனிக் வழியாக இறங்கி, மறுபடி சுவிஸ் எல்லைக்குள் சான்டா மரியா. நான்காம் நாள் வால் மோரா பள்ளத்தாக்கும் கன்கானோ ஏரிகளும் தாண்டி போர்மியோ. ஐந்தாம் நாள் காவியா கணவாய் (சுமார் 2,620 மீ.), அந்தப் பக்கம் பொன்டே டி லென்யோ. ஆறாம் நாள் டொனாலே கணவாய் (1,883 மீ.), டிமாரோ, பிறகு மடோனா டி கம்பீலியோ. ஏழாம் நாள் ப்ரெண்டா மலைகளின் அடிவாரம், ஸ்டெனிகோ, டென்னோ ஏரி, ரிவா.

எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 420 கி.மீ. தூரம், 9,000 மீ. ஏற்றம். எந்தக் கிளைப்பாதையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும்.

லக்கேஜ் வேன் எங்களோடு கூடவே வருமா?

வராது. பலர் தவறாக நினைப்பது இதைத்தான். காலை 8 மணிக்குள் பையை ஓட்டல் வரவேற்பறையில் வைத்துவிட வேண்டும். வேன் தார்ச்சாலையில் போய் மாலை ஐந்து மணி வாக்கில் அடுத்த ஓட்டலில் இறக்கும். இடையில் உங்களுக்கும் வேனுக்கும் தொடர்பே இருக்காது. சான்டா மரியாவிலிருந்து போர்மியோவுக்கு நீங்கள் வால் மோரா வழியாகப் போவீர்கள். அங்கே வேன் போகச் சாலை இல்லை. அது உம்ப்ரைல் கணவாய் (2,501 மீ.) ஏறி ஸ்டெல்வியோ சாலையில் இறங்கும். வழியில் மழை பிடித்துக்கொண்டாலும் டயர் கிழிந்தாலும் பையில் இருக்கும் எதுவும் கைக்கு எட்டாது.

எடை வரம்பு பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பை, 15 கிலோ அளவில் இருக்கும். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த கெட்டியான பெட்டியை விட மடங்கும் துணிப்பை நல்லது. வேனில் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் அடுக்குவார்கள். மழையில் நடைபாதையில் இறக்கி வைப்பதும் உண்டு. உள்ளே பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் துணிகளை வையுங்கள்.

பை வந்து சேராமல் போகிறதே, ஏன்?

பெரும்பாலும் முகவரிக் குழப்பம்தான் காரணம். இத்தாலிக்குள் இருக்கும் தென் டிரோலில் ஒவ்வோர் ஊருக்கும் ஜெர்மன் பெயர் ஒன்று, இத்தாலியப் பெயர் ஒன்று. ரெஷன் என்பதும் ரேசியா என்பதும் ஒரே ஊர். மால்ஸ் என்பதும் மால்லெஸ் என்பதும் அப்படியே. அதோடு ‘போஸ்ட்’ என்று பெயர் வைத்த விடுதி ஆல்ப்ஸில் ஊருக்கு ஒன்று இருக்கும். பையில் கட்டும் முகவரிச் சீட்டில் ‘ஓட்டல் போஸ்ட்’ என்று மட்டும் எழுதினால் பை எங்கே வேண்டுமானாலும் போகும். தேதி, ஓட்டல் பெயர், தெரு, அஞ்சல் எண், ஊரின் இரண்டு பெயர்கள், நாட்டுக் குறியீட்டோடு உங்கள் கைபேசி எண் எல்லாம் வேண்டும். ஏழு நாளுக்கும் வரிசையாக ஒரே அட்டையில் அச்சடித்து லேமினேட் செய்து கட்டுங்கள். நகல் ஒன்றைப் பைக்குள்ளும் போடுங்கள்.

இரண்டாவது காரணம், வழியில் திட்டத்தை மாற்றுவது. களைப்பில் பாதி வழியிலேயே வேறு விடுதியில் தங்கிவிடுவார்கள். பை பழைய ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்திருக்கும். மாற்றம் இருந்தால் காலையிலேயே, வேன் கிளம்பும் முன் சொல்லிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் சொன்னால் டாக்சிக் காசு உங்களுடையது.

மூன்றாவது, பனி. ஜூன் மாதத்திலோ செப்டம்பரிலோ திடீரென்று பனி கொட்டி உம்ப்ரைலோ காவியாவோ மூடப்பட்டால் வேன் பல மணி நேரம் சுற்றி வர வேண்டும். அன்றைக்குப் பை இரவு ஒன்பது மணிக்கு வந்தாலும் ஆச்சரியமில்லை. மாலையில் போட ஒரு லேசான கால்சட்டை, டி-ஷர்ட், அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள், கைபேசி சார்ஜர் ஆகிய நான்கும் முதுகுப்பையில் இருந்தால் பை தாமதமானாலும் பதற வேண்டியதில்லை.

முதுகுப்பையில் வேறு என்ன வைக்க வேண்டும்? எவ்வளவு எடை?

20 முதல் 25 லிட்டர் பை போதும். தண்ணீரோடு சேர்த்து 6 கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் திணித்திருக்கிறீர்கள். தையல் ஓரங்கள் ஒட்டப்பட்ட மழைச்சட்டை, மெல்லிய இன்சுலேட்டட் ஜாக்கெட், முழு விரல் கையுறை, ஹெல்மெட்டுக்குள் போடும் மெல்லிய தொப்பி ஆகியவற்றை ஜூலையிலும் விடக்கூடாது. உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி குறையும். ரிவாவில் 30 டிகிரி அடிக்கிற அதே நேரத்தில் காவியா உச்சியில் 13 டிகிரிதான் இருக்கும். காற்றும் இறக்கத்தின் வேகமும் சேர்ந்தால் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வராது. 1988 ஜூன் 5 அன்று ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் கொட்டும் பனியில் காவியாவைக் கடந்தது. அன்று வீரர்களை வாட்டியது ஏற்றத்தைவிட இறக்கம்தான்.

முதலுதவிப் பை, அலுமினியப் போர்வை, தலைவிளக்கு, பின்பக்கச் சிவப்பு விளக்கு, பாஸ்போர்ட், ரொக்கம், உதிரிபாகங்கள். தண்ணீர் 2 லிட்டர். விளக்கு எதற்கு என்று கேட்கலாம். காவியாவிலிருந்து பொன்டே டி லென்யோ இறங்கும் வழியில் இருட்டான சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. வெயிலில் இருந்து கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே நுழைந்தால் சில நொடிகள் ஒன்றுமே தெரியாது. நுழையும் முன் நின்று, கண்ணாடியைக் கழற்றி, இரண்டு விளக்கையும் போட்டுக்கொண்டு போங்கள்.

ஓட்டலுக்குப் பதில் மலை விடுதியில் தங்கினால் பை வருமா?

சாலை இல்லாத விடுதிக்கு வேன் போகாது. சில விடுதிகளில் சரக்கு ஏற்றும் கம்பிவட ஊர்தி இருக்கும். காசு கொடுத்தால் பையையும் ஏற்றுவார்கள். முன்கூட்டியே கேட்காமல் நம்பக்கூடாது. இல்லையென்றால் அந்த ஓர் இரவுக்குத் தேவையானதை நீங்கள்தான் சுமக்க வேண்டும்: பல் துலக்கி, சிறு துண்டு, மாற்று உள்ளாடை, பிறகு மெல்லிய துணியில் தைத்த உறக்க உறை. இந்த உறை ஆல்பைன் சங்க (மலையேறுவோர் சங்கம்) விடுதிகளில் கட்டாயம்.

எந்த மாதம் போகலாம்?

ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. அதற்கு முன்னால் 2,300 மீட்டருக்கு மேல் நிழல் விழும் சரிவுகளில் பழைய பனி கிடக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரம் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். போர்மியோவிலும் ரிவாவிலும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் கணக்கில் செப்டம்பர் முதல் பத்து நாள்தான் அருமை. இடி மின்னல் குறைவு, பாதையில் கூட்டமும் குறைவு. ஆனால் பகல் குறுகிவிடும்.

கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். ஆகவே உச்சியை ஒரு மணிக்குள் தாண்டிவிடும்படி கிளம்புங்கள்.

எவ்வளவு உடல் தகுதி வேண்டும்?

ஒரு நாள் 1,500 மீ. ஏறுவது பெரிய காரியம் இல்லை. மறுநாள் எழுந்து மறுபடி ஏற வேண்டும் என்பதுதான் கஷ்டம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் தலா 1,000 மீ. ஏறிப் பாருங்கள். மூன்றாம் நாள் காலை மாடிப்படி ஏற முடிகிறதென்றால் தயார். உட்காரும் இடத்தில் எரிச்சல் இருந்தால் சீட்டையோ பேட் வைத்த கால்சட்டையையோ இப்போதே மாற்றுங்கள். பயணத்தைப் பாதியில் விடுகிறவர்களில் நிறைய பேருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கும், தோல்தான் உரிந்திருக்கும்.

நீண்ட ஏற்றத்தில் மணிக்கு 400 முதல் 500 மீ. உயரம் ஏறுவது நிதானமான வேகம். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரி. இறக்கத்துக்கு எஸ்0 (எளிது) முதல் எஸ்5 (மிகக் கடினம்) வரை தரம் பிரித்திருப்பார்கள். இந்தப் பாதையின் பெரும்பகுதி எஸ்0, எஸ்1. சில இடங்கள் எஸ்2. எஸ்2 என்றால் வேரும் பெரிய கற்களும் படிகளும் வரும், வளைவுகள் குறுகும். இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உயினா பள்ளத்தாக்கு ஆபத்தானதா?

ஏறி உட்கார்ந்தால் ஆபத்து, தள்ளிக்கொண்டு போனால் இல்லை. செங்குத்தான பாறைச் சுவரைக் குடைந்து, ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தின் ஃபோர்ட்ஸ்ஹைம் கிளை 1908–1910 ஆண்டுகளில் அமைத்த பாதை அது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். குடைந்த பகுதியில் சைக்கிளைத் தள்ளித்தான் போக வேண்டும். ஓட்ட அனுமதி இல்லை. எதிரே நடந்து வருபவர்களுக்கு வழிவிட அகலமான இடம் பார்த்து நில்லுங்கள்.

தள்ளுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நீங்கள் பாறைப் பக்கம், வண்டி பள்ளத்துப் பக்கம். மாற்றிப் பிடித்தால் கைப்பிடியின் நுனி பாறையில் இடிக்கும், அந்த உதை உங்களைத்தான் வெளியே தள்ளும். குனிய வேண்டிய இடங்களில் முதுகுப்பை கூரையில் மோதாமல் பாருங்கள். சுர் என்னிலிருந்து உயினா டடைன்ட் பண்ணை வரை சரளைச் சாலை; கடைசிப் பகுதி கடும் செங்குத்து. பண்ணையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் குடைவரைப் பாதையில் நுழையுங்கள். கார்பன் அடி வைத்த பந்தயக் காலணி ஈரப்பாறையில் சறுக்கும். ரப்பர் அடிக் காலணி இந்த ஒரு நாளுக்காகவே வேண்டும்.

என்ன மாதிரி வண்டி வேண்டும்?

120 முதல் 140 மி.மீ. வரை சஸ்பென்ஷன் உள்ள, 29 அங்குலச் சக்கர வண்டி வசதியானது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலிலும் போகலாம். எடை குறைவு, கெட்டுப்போகும் இடங்களும் குறைவு. கியரில் கஞ்சத்தனம் வேண்டாம்: முன்னால் 32 பல், பின்னால் 50 அல்லது 51 பல். பை சுமந்து 15 சதவீதச் சரிவு ஏறும்போது இதன் அருமை தெரியும்.

டயரை ட்யூப்லெஸ் ஆக்கி, சீலன்ட்டைப் புதிதாக ஊற்றிக்கொண்டு கிளம்புங்கள். மூன்று மாதம் பழைய சீலன்ட் உள்ளே உலர்ந்து தோல்போல் கிடக்கும், ஓட்டையை அடைக்காது.

பிரேக் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

காவியாவிலிருந்து ஒரே மூச்சில் 1,300 மீட்டருக்கு மேல் இறக்கம். ஊரில் ஒரு வருடம் வரும் பிரேக் பேட், தொடர்ந்து மழை பெய்தால் இங்கே இரண்டு நாளில் தேய்ந்துவிடும். ஈரத்தில் ஒட்டும் மணல், பேடை உப்புத்தாள்போல் அரைக்கும். ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், சீக்கிரம் தேயும். உலோகப் பேட் சத்தம் போடும், ஆனால் சூட்டையும் சேற்றையும் தாங்கும். மாற்றும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்: சில டிஸ்க்குகளில் ‘ரெசின் மட்டும்’ என்று பொறித்திருக்கும், அவற்றில் உலோகப் பேட் போட்டால் டிஸ்க் வீணாகும். ஷிமானோ பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும், டிஸ்க் 1.5 மி.மீ.க்கு மெலிந்தாலும் அப்படியே. முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு ஜோடி புதுப் பேட் முதுகுப்பையில் இருக்கட்டும்.

இறங்கும்போது பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்தபடியே வருவதுதான் பெரிய தவறு. சூடு ஏறிக்கொண்டே போகும், ஆற இடைவெளி கிடைக்காது. வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, பிறகு முழுதாக விடுங்கள். லீவர் மெத்தென்று கைப்பிடி வரை வந்தால் உள்ளே எண்ணெய் கொதித்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். உடனே நின்று கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும். ஆறிய பிறகும் லீவர் உறுதியாகவில்லை என்றால் நடந்து இறங்குங்கள். மறுநாள் கடையில் எண்ணெய் மாற்றுங்கள்.

உதிரிபாகங்களில் எது கட்டாயம்?

டீரெய்லர் ஹேங்கர், அதாவது பின்பக்கக் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிணைக்கும் துண்டு. விழும்போது வளையவும் உடையவும் என்றே செய்த சிறு உலோகத் துண்டு அது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு வடிவம். மலையடிவாரக் கடையில் உங்கள் வண்டிக்கான ஹேங்கர் இருக்கும் என்று நம்பக்கூடாது. அது உடைந்தால் செயினை வெட்டி ஒற்றைக் கியராக்கி ஓட்டலாம் என்பார்கள். ஹார்ட்டெயிலில் அது நடக்கும். முழு சஸ்பென்ஷன் வண்டியில் பின்பக்கம் அமுங்கும்போது செயினுக்குத் தேவையான நீளம் மாறுவதால் அறுந்தோ நழுவியோ போகும்.

அதற்கு அடுத்து: செயின் இணைப்பு இரண்டு (11 கியருக்கும் 12 கியருக்கும் வேறு வேறு), செயின் வெட்டி உள்ள மல்டி-டூல், டி25 (நட்சத்திர முனை) சாவி, ஒரு ட்யூப், ட்யூப்லெஸ் பிளக், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு தடித்த துண்டு, கை பம்ப், நாலைந்து கேபிள் டை, காலணியைப் பெடலில் பூட்டும் கிளீட்டுக்கு ஒரு ஸ்க்ரூ. இரண்டாவது டயர், செயின் எண்ணெய், சஸ்பென்ஷன் பம்ப் ஆகியவற்றைப் பெரிய பையில் போடலாம்; குழுவுக்கு ஒன்று போதும்.

இ-பைக்கில் போகலாமா?

போகலாம், உயினாவை யோசித்துவிட்டு. 24 கிலோ வண்டியைப் படிக்கட்டு மாதிரி இடத்தில் தூக்கித் தள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. விமானத்தில் வருகிறவர்கள் சொந்த இ-பைக்கைக் கொண்டுவர முடியாது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உச்சவரம்பு 160 வாட்-மணி. இ-பைக் பேட்டரி பெரும்பாலும் 500-ம் அதற்கு மேலும். கார்மிஷிலேயே வாடகைக்கு எடுங்கள். சார்ஜரைப் பெரிய பையில் அனுப்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் ஏற்ற முடியாமல் விழிப்பார்கள். நீண்ட நாட்களில் அதை முதுகில்தான் சுமக்க வேண்டும்.

வானிலை கெட்டால்?

மூன்றாம் நாளுக்கு எளிய மாற்று உண்டு. நவுடர்ஸிலிருந்து ரெஷன் கணவாய் தாண்டி, ஏரிக்கரைச் சைக்கிள் பாதையில் மால்ஸ் இறங்கி, அங்கிருந்து சான்டா மரியா ஏறலாம். 1950-இல் அணைநீரில் மூழ்கிய கிராவுன் ஊரின் தேவாலயக் கோபுரம் ஏரிக்குள் தனியாக நிற்பதும் இந்த வழியில்தான். தங்கும் ஊர் மாறாததால் பெரிய பை வந்து சேர்வதிலும் சிக்கல் இல்லை. காவியாவுக்கு அப்படி எளிதான மாற்று இல்லை. டிரானோ, அப்ரிகா, எடோலோ என்று சுற்றினால் 100 கி.மீ.க்குக் கிட்ட வரும். சைக்கிள் ஏற்றும் டாக்சியை முந்தின இரவே ஓட்டலில் சொல்லி வையுங்கள்.

எல்லாப் பாதையிலும் ஓட்டலாமா?

ஆஸ்திரியாவில் கூடாது. காட்டுச்சாலை நடப்பவர்களுக்குத்தான் பொதுவாகத் திறந்திருக்கும். சைக்கிளுக்கு என்று பலகை வைத்த பாதையில் மட்டும் ஓட்டலாம். சுவிஸ் கிராவுபுண்டன் மாநிலம் தாராளமானது, ஆனால் நடப்பவருக்கே முன்னுரிமை. இத்தாலியில் பலகையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். மேய்ச்சல் நில வேலிக் கதவுகளைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு?

பட்டினி கிடக்க வேண்டாம், பாலும் முட்டையும் ஒத்துக்கொண்டால். பாலாடைக்கட்டி சேர்த்த கேஸ்ஷ்பெட்ஸ்லே (மாவுத் துண்டுகள்), கீரை உருண்டை, கைசர்ஷ்மாரன் (பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம்) எல்லாம் மலை விடுதிகளில் கிடைக்கும். போர்மியோ பக்கம் பிட்சோக்கெரி உண்டு: கோதுவரை (பக்வீட்) மாவு நாடாவில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் போட்டது. சூப்பில்தான் கவனம் வேண்டும். கிராவுபுண்டன் பார்லி சூப்பில் உலர்ந்த இறைச்சி இருக்கும். காய்கறி சூப்பையும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வார்கள். ‘ஷ்பெக்’ என்று தொடங்கும் உருண்டையில் பன்றி இறைச்சி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். இத்தாலிய ஊர்களில் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழு மணி வரை சாப்பாடு கிடையாது.

விசா, பணம், சிம், மின்பிளக்?

நான்கு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். பணம் யூரோ, சுவிஸ் பகுதியில் ஃபிராங்க். மலைக்கடைகள் சிலவற்றில் அட்டை செல்லாது. ஐரோப்பிய ஒன்றிய சிம்மின் இலவச ரோமிங் சுவிட்சர்லாந்தில் செல்லும் என்று நினைக்காதீர்கள்; உயினாவும் வால் மோராவும் சுவிஸ் பகுதி. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துவிட்டு டேட்டாவை அணையுங்கள். இந்திய மூன்று முள் பிளக் எங்கும் நுழையாது. மெல்லிய இரண்டு முள் ஐரோப்பியப் பிளக் நான்கு நாட்டிலும் நுழையும்.

விபத்து நடந்தால்?

எங்கும் 112. ஆஸ்திரியாவில் மலைமீட்பு 140, சுவிட்சர்லாந்தில் ரேகா மீட்பு ஹெலிகாப்டர் 1414. சிக்னல் இல்லையென்றால் விசில் அல்லது விளக்கு: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று முறை வரும்.

ஹெலிகாப்டர் பில் உங்கள் பெயருக்கு வரக்கூடும். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீட்டில் ‘அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்’ விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆஸ்திரிய ஆல்பைன் சங்க உறுப்பினர் ஆனால் மீட்புச் செலவுக்கு 25,000 யூரோ வரை காப்பீடு சேர்ந்தே வரும்.

ரிவாவிலிருந்து திரும்புவது எப்படி?

சைக்கிள் டிரெய்லர் பூட்டிய வேன்கள் கோடையில் ஜெர்மனிக்குப் போகும். பையும் அதிலேயே வரும். முன்பதிவு வேண்டும். ரயில் என்றால் ரிவாவில் நிலையம் இல்லை; சான் ஜொவான்னி கணவாய் தாண்டிச் சைக்கிள் பாதையில் ரோவெரேட்டோ போய், அங்கிருந்து பிரென்னர் கணவாய் வழியாக மியூனிக் செல்லும் ரயிலில் ஏறலாம். சைக்கிளுக்குத் தனி இடம் பதிவு செய்ய வேண்டும். இடங்கள் சில மட்டுமே, கோடை வார இறுதிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயிலில் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள்: ஏழாம் நாளோடு லக்கேஜ் சேவை முடிந்துவிடும். அந்த 15 கிலோ பையை ரோவெரேட்டோவுக்குக் கொண்டுபோகப் பேருந்தோ டாக்சியோ பார்க்க வேண்டும்.